தத்தித்தொம்நம்: மாட்டுங்காவின் எழுதப்படாத பாடம்

மும்பையின் கருநாடக இசை வரலாற்றை எழுதுவோர் 1952இல் ஸ்ரீ ஷண்முகானந்த சபை தோன்றியதையும், 1963இல் அதன் அரங்கம் திறக்கப்பட்டதையும் தவறாது குறிப்பர். அம்மேடையில் மிருதங்கம் வாசித்த கைகள் எந்தப் பாடத்தால் பழகின என்பதை எவரும் எழுதுவதில்லை.

முதற்பாடம் 'த தி தொம் நம்'. நான்கே சொற்கள், மூன்று காலத்திலும் சாதகம். கச்சேரிக் கலைஞரின் அன்றாட வாசிப்பும் இதனால்தான் தெளிவு பெறுகிறது.

1933இல் சிகாகோவில் கூடிய அமெரிக்க முரசுக் கலைஞர்களின் முயற்சியால் 26 அடிப்படை அடிகள் தரப்படுத்தப்பட்டன. படைமுரசின் வழிவந்த அப்பட்டியலில் வலக்கை, இடக்கை மாறிவரும் வரிசையே முதன்மை. மிருதங்கத்திலோ ஒலியே பாடத்தின் பெயர். வலந்தலையின் 'நம்' தொப்பியில் பிறவாது. கைகள் தம்முள் இடம் மாறவியலா. இடக்கைப் பழக்கமுடைய பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) வாத்தியத்தையே திருப்பி வைத்தார். அதனால் மேடையில் அமரும் இடமும் மாறியது. பலர் தயங்கியபோது செம்பை வைத்தியநாத பாகவதர் துணைநின்றார். பட்டியலால் தீராத சிக்கல் இது!

வகுப்பறையில் பலர் ஒருசேரப் பயில ஒரே பாடத்திட்டம் வேண்டும். பாணிதோறும் வேறுபடும் விரல்வைப்பு அதில் அடங்குவதில்லை. மாணவர் தம் கைப்பட எழுதிய குறிப்பேடுகளே அதற்குச் சான்றாகும். மாட்டுங்கா, செம்பூர் வீட்டுப் பரண்களில் அத்தகையவை இருப்பின், நண்பர்கள் படியெடுத்துக் காக்க வேண்டுகிறேன். கச்சேரி அழைப்பிதழ்களை ஏற்கெனவே போதிய அளவு சேர்த்துவிட்டோம்.