எஞ்சின் இல்லாத ராக்கெட்

என் அறை அலமாரியில் ஒரு ராக்கெட் நிற்கிறது. ஒரு முழ உயரம். அட்டைக் குழாய் உடம்பு, பால்சா மரத்தில் மூன்று துடுப்புகள், பிளாஸ்டிக் மூக்கு. வயிற்றுக்குள் ஒரு சின்ன பாராசூட்டை மடித்து வைத்திருக்கிறேன். நண்பன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பெட்டி அது. துடுப்புகளை 120 பாகை இடைவெளியில் கோணாமல் ஒட்டி முடிக்க இரண்டு இரவுகள் பிடித்தன. எல்லாம் தயார். எஞ்சின்தான் இல்லை.

வராததற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டு ராக்கெட்டின் எஞ்சின் என்பது, தடித்த காகிதக் குழாய்க்குள் இறுக்கி அடைத்த கருமருந்து. விமானப் பெட்டியில் அதைப் போட்டுக்கொண்டு வர முடியாது. இங்கே மலேசியாவில் வெடிமருந்து 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. அனுமதியில்லாமல் கையில் வைத்திருக்கக் கூடாது. இதில் எனக்குப் பெரிய குறையில்லை. நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1991 மே 7ஆம் தேதி, சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த எங்களுக்குத் தீபாவளி நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி எச்சரிக்கும் கதை அது.

ஆகவே நான் மாற்று வழிக்குப் போனேன். கிள்ளானில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறிய குழுவில் நானும் இருக்கிறேன். அங்கே செய்வது தண்ணீர் ராக்கெட். ஒன்றரை லிட்டர் குளிர்பானப் போத்தல், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பு. அலமாரி ராக்கெட்டையும் ஒருநாள் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பையன் ஒருவன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சார், ராக்கெட்ட மொதல்ல யாரு கண்டுபிடிச்சா?"

"நம்மாளுங்கதான். திப்பு சுல்தான்," என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. அது பாதிகூட உண்மையில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில், கண்டுபிடித்தது திப்பு அல்ல. கருமருந்தும் அதை அடைத்துப் பறக்கவிட்ட அம்பும் சீனாவுடையவை. 13ஆம் நூற்றாண்டில் அங்கே போர்க்களத்தில் ராக்கெட் இருந்தது. சீனப் புத்தாண்டு இரவில் கிள்ளான் வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இந்தியாவிலும் மைசூருக்கு வெகுகாலம் முன்பே 'பாணம்' என்ற பெயரில் ராக்கெட்டுகள் பறந்திருக்கின்றன. நாம் தீபாவளிக்கு விடும் வாணம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ஹைதர் அலியும் திப்புவும் செய்தது வேறு. ஒரு பொறியாளனாக எனக்கு அதுதான் பெரிதாகப்படுகிறது. மற்றவர்கள் மூங்கிலிலும் அட்டையிலும் மருந்தை அடைத்தபோது, மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டை அடித்துக் குழாயாக்கினார்கள். குழாய் பலமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் வாயு வேகமாக வெளியேறும், ராக்கெட் தூரம் போகும். ஒரு கிலோமீட்டருக்கு மேல், சில இரண்டு கிலோமீட்டரையும் தாண்டிப் போயின. லண்டனில் வூல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டு மைசூர் ராக்கெட்டுகளை விஞ்ஞானி ரோத்தம் நரசிம்மா அளந்து எழுதியிருக்கிறார். ஒன்று 58 மில்லிமீட்டர் விட்டமும் 254 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதோடு ஒரு மீட்டர் நீள வாள் கட்டப்பட்டிருந்தது. மற்றொன்று அதைவிடச் சிறியது. அதற்கு வாலாக ஏறத்தாழ 1.9 மீட்டர் மூங்கில் கழி. 2018இல் கர்நாடகத்தின் சிவமோகா மாவட்டத்து நகரா என்ற ஊரில், வறண்ட கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள்.

அந்த மூங்கில் கழி அலங்காரத்துக்கல்ல. பறக்கும் எந்தப் பொருளுக்கும் எடை கூடும் ஒரு புள்ளி உண்டு, காற்றின் அழுத்தம் கூடும் ஒரு புள்ளியும் உண்டு. காற்றின் புள்ளி எடையின் புள்ளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். வால் நீண்டால் காற்றின் புள்ளி பின்னால் நகரும். வாணத்துக்குக் குச்சி இருப்பதும் என் அலமாரி ராக்கெட்டுக்குத் துடுப்பு இருப்பதும் ஒரே காரணத்துக்காகத்தான். சின்ன வயதில் குச்சியை ஒடித்துவிட்டு வாணம் விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடம் ஏற்கனவே தெரியும். நான் அப்படிக் கற்றவன்.

இரண்டாவது விஷயம்தான் என்னை உறுத்தியது. மைசூர் ராக்கெட்டின் பெயர் பெற்ற வெற்றி, தமிழ் மண்ணில் நடந்தது. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர். கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் குண்டூரிலிருந்து நடந்து வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படை, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வதற்குள் ஹைதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. வெடிக்க வைத்தது ராக்கெட்டா பீரங்கியா என்பதில் குறிப்புகள் மாறுபடுகின்றன. அதன் பிறகு அந்தப் படை மீளவில்லை. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782இல் இறந்தார். அந்த வெற்றியை திப்பு தன் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டவைத்தார். இன்றும் அதைப் பார்க்கலாம்.

அந்த 3,800 பேரில் ஐரோப்பியர்கள் சிறுபான்மை. மற்ற எல்லோரும் சிப்பாய்கள், மதராஸ் ராணுவத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்த தென்னிந்தியர்கள். தெலுங்கர்கள் இருந்தார்கள், தமிழர்கள் இருந்தார்கள். "நம்மாளுங்க ராக்கெட்" என்று நான் பெருமையாகச் சொன்ன அந்த இரும்புக் குழாய் வந்து விழுந்தது நம்மாட்கள் மேல்தான். ஓவியத்தில் பெய்லிக்குப் பல்லக்கு இருக்கிறது. சிப்பாய்களுக்கு வரிசை மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு கொல்லப்பட்டார். கைப்பற்றிய பொருள்களில் நூற்றுக்கணக்கான ராக்கெட்டுகளும் ஆயிரக்கணக்கான வெற்றுக் குழாய்களும் இருந்தன. சில இங்கிலாந்துக்குக் கப்பலேறின. வூல்விச் ஆயுதசாலையில் வில்லியம் காங்கிரீவ் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு அளவு, மருந்துக் கலவை, உற்பத்தி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். 1806இல் பூலோன் துறைமுகமும் 1807இல் கோபன்ஹேகன் நகரமும் அந்த ராக்கெட்டுகளால் எரிந்தன. 1844இல் வில்லியம் ஹேல் என்பவர் வெளியேறும் வாயுவைக் கொண்டே ராக்கெட்டைச் சுழலவைத்து மூங்கில் கழியின் தேவையை ஒழித்தார். 1867இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. பெயர் மாறியது, வால் போனது. காஞ்சிபுரத்து அடையாளம் எதுவும் அதில் மிஞ்சவில்லை.

பிறகு அது நம்ம ஊருக்கு வந்தது. 1874இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக்கில் ரெசிடெண்டாக உட்கார்ந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், 1875 நவம்பர் 2 அன்று பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பதிலடிக்கு வந்த பிரிட்டிஷ் கடற்படையினர் பேராக் ஆற்றில் படகுகளில் பீரங்கிகளோடு ராக்கெட் குழாய்களையும் கொண்டு வந்தார்கள். அதே மாதம் பாசீர் சாலாக் விழுந்தது. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் துருப்புகள் வந்து இறங்கின.

பள்ளியில் இந்தப் போரைச் சில வரிகளில் படித்துவிட்டுத் தேர்வு எழுதினேன். அந்தக் குழாய்களின் பூர்வீகம் எனக்கு அப்போது தெரியாது. பொள்ளிலூரில் கம்பெனிச் சிப்பாய்களைக் கொன்ற ஒரு யோசனை, கம்பெனியின் வாரிசுகள் கையில் தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்துப் பேராக் கம்பங்களின் மேல் விழுந்திருக்கிறது. அந்தப் போருக்குப் பின் பேராக்கில் ரெசிடெண்ட் ஆட்சி நிலைத்தது. சாலை வந்தது, 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் ரயில் வந்தது, காப்பித் தோட்டமும் பிறகு ரப்பர்த் தோட்டமும் வந்தன. அவற்றைப் போடவும் வெட்டவும் கப்பலில் எங்கள் முன்னோர் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் எழுந்தது. ராக்கெட்தான் எங்களைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன், அது மிகை. எங்களைக் கொண்டுவந்த ஆட்சியின் கையில் ராக்கெட் இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுவே போதுமான அளவுக்குக் கனமாக இருக்கிறது.

அப்படியானால் இதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா? இந்தக் கேள்வியோடு நான் தும்பாவுக்குப் போகிறேன். 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில் பயிற்சிக்குப் போன ராமேஸ்வரத்து அப்துல் கலாம், அங்கே சுவரில் ஓர் ஓவியத்தைப் பார்த்தார். திப்புவின் படை ராக்கெட் வீசும் காட்சி. தன் ஊரில் மறந்துபோனதை இங்கே கொண்டாடுகிறார்களே என்று அவருக்கு மகிழ்ச்சி. அவரும், அவரைப் போலவே சென்னை எம்.ஐ.டி.யில் படித்த ஆர். அரவமுதனும் அந்தப் பயிற்சிக்குப் போன சிறு குழுவில் இருந்தார்கள்.

திரும்பி வந்து அவர்கள் வேலை பார்த்த இடம், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அதன் மேல் செல்வதால் மேல்வளிமண்டல ஆராய்ச்சிக்குப் பொருத்தமான இடம். புனித மரிய மக்தலேனா தேவாலயம் அவர்களுக்கு அலுவலகமானது. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போயின. 1963 நவம்பர் 21 மாலை முதல் ராக்கெட் கிளம்பியது. ஏற்றும் நேரத்தில் கிரேனின் ஹைட்ராலிக் கசிந்து, கடைசியில் கையால் தூக்கிச் சரிசெய்தார்கள். அந்த ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. வெடிகுண்டு எதுவும் அதில் இல்லை, சோடியம் இருந்தது. உச்சிக்குப் போய் சோடிய ஆவியைக் கக்க, அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு காற்றில் எப்படிக் கலைகிறது என்று தரையிலிருந்து படம் பிடித்து மேல்வளியின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பரில், 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோகிணி, இந்தியாவிலேயே செய்த முதல் ராக்கெட்டாக அங்கிருந்து போனது. அளவில் அது வூல்விச்சில் இருந்த மைசூர்க் குழாயைவிடக் கொஞ்சம்தான் பருமன்.

இதையும் புனிதக் கதையாக்க எனக்கு மனமில்லை. நைக் என்பது விமானங்களைச் சுட்டு வீழ்த்தச் செய்த ஏவுகணையின் பாகம். தும்பாவின் மீனவக் குடும்பங்கள் ஏவுதளத்துக்காக இடம்பெயர்ந்தார்கள். கலாம் பின்னாளில் ஏவுகணைகளும் செய்தார். கருமருந்தின் குணம் முழுதாக மாறியதில்லை.

என் அலமாரி ராக்கெட்டின் பூர்வீகமும் இந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. ஐம்பதுகளில் அமெரிக்கச் சிறுவர்கள் உலோகக் குழாயில் கண்ட கலவையை அடைத்து விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், 1954இல் தன் சகோதரனோடு சேர்ந்து வேறு விதமாக யோசித்தார். உடம்பு காகிதம். எஞ்சின் தனியாகத் தொழிற்சாலையில் செய்தது, ஒருமுறை எரிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். கீழே வர பாராசூட். ஏவுதளப் பாதுகாப்பில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் 1957இல் இதை எடுத்துக்கொண்டு விதிமுறைகளோடு பரப்பினார். மைசூர்க் கொல்லர்கள் காகிதத்திலிருந்து இரும்புக்குப் போனார்கள். கார்லைல் இரும்பிலிருந்து காகிதத்துக்குத் திரும்பினார். இரும்புக் குழாய் வெடித்தால் சில்லுகள் பறக்கும், காகிதக் குழாய் வெடித்தால் கிழியும். ராக்கெட் வரலாற்றில், விழும் இடத்தில் நிற்பவனை மனதில் வைத்துப் பொருளைத் தேர்ந்தெடுத்த மாற்றங்களில் இதுவும் ஒன்று. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

போன சனிக்கிழமை பாடாங்கில் போத்தல் ராக்கெட் விட்டோம். சைக்கிள் பம்பு நான்கு பார் காட்டியது, கார் டயரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எண்ணத் தொடங்குவதற்கு முன் வழக்கம்போல ஒருவரை எதிர்ப்பக்கம் அனுப்பினேன், அங்கே யாரும் நடக்கவில்லையே என்று பார்த்துக் கைகாட்ட. இந்தமுறை கேள்வி கேட்ட அந்தப் பையனை அனுப்பினேன். அவன் ஓடிப் போய் நின்றான், இரண்டு பக்கமும் பார்த்தான், கையைத் தூக்கினான். கயிற்றை இழுத்தோம். தண்ணீர் எங்கள் மேலெல்லாம் அடித்தது, போத்தல் மரங்களுக்கு மேலே போய்த் திரும்பி, அவனுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. எடுத்துக்கொண்டு வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்:

"சார், அங்க நின்னு பாத்தா பயமா இருக்கு சார். நம்ம மேலயே வர்ற மாதிரி இருக்கு."

"ஆமாப்பா," என்றேன். "அன்னைக்கு நீ கேட்டல்ல, யாரு கண்டுபிடிச்சான்னு? நான் சொன்னது தப்பு. உக்காரு, சொல்றேன்."