திங்களும் நிலவுலகின் செலவும் தட்பவெப்ப மாற்றமும்

வானக் கோள்களின் நிலைக்கும் மழைக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் மிகத் தொன்மையானது. பரிபாடலின் பதினோராம் பாடல், கோள்கள் நின்ற நிலையைக் கூறி, வையை பெருகியதை அதனோடு இணைத்துரைக்கின்றது. இவ்வெண்ணம் மேலைநாட்டில் அறிவியற் கொள்கையாக உருவாகி, ஒருமுறை தள்ளுண்டு, மீண்டும் நிலைபெற்ற வரலாற்றை யாம் ஈண்டு ஆராய்வோம்.

நிலவுலகின் இயக்கத்தில் மூவகை மாற்றங்கள் உள. ஞாயிற்றைச் சுற்றும் நீள்வட்டப் பாதை, ஏறத்தாழ 1,00,000 ஆண்டுக் கால அளவில் நீண்டும் வட்டமாக நெருங்கியும் வருகின்றது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே அசைகின்றது. அவ்வச்சு, தளரும் பம்பரம் போல, 26,000 ஆண்டில் ஒருமுறை தலைசுற்றி வருகின்றது. இம்மூன்றாவது அசைவு, நிலவுலகின் நடுவே புடைத்த பகுதியைத் திங்களும் ஞாயிறும் ஈர்ப்பதால் விளைவது. இதில் திங்களின் பங்கு ஞாயிற்றின் பங்கினும் ஏறத்தாழ இருமடங்காகும்.

இவ்வசைவே பனியூழிகளுக்குக் காரணம் என்று 1842-இல் பிரெஞ்சு அறிஞர் அதேமார் எழுதினார். கிளாஸ்கோவில் ஒரு கல்லூரிக் காட்சிச்சாலையின் காவற்பணியிலிருந்து, தாமே கற்றுத் தேர்ந்த ஜேம்ஸ் குரோல், 1864-இல் அதனோடு நீள்வட்ட மாற்றத்தையும் இணைத்தார். குளிர்காலம் கடுமையாயின் பனி பெருகும் என்பது அவர் துணிபு. அவர் கணக்கின்படி பனியூழி 80,000 ஆண்டுகட்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். நிலவியற் சான்றுகளோ அது மிக அண்மையில் முடிந்ததைக் காட்டின. இக்கால முரண் அக்கொள்கையைப் பெரிதும் தளர்த்தியது.

செர்பிய அறிஞர் மிலன்கோவிச் அதனை மீட்டெடுத்தார். 1914-இல் போர் மூண்டபோது சிறைப்பட்ட அவர், பின்னர் புடாபெஸ்டு நகரில் தங்கிக் கணக்கிடும் வாய்ப்புப் பெற்றார். குளிர்காலக் கடுமையன்று, வடபுலத்துக் கோடையின் தண்மையே பனி உருகாது தங்கக் காரணமாகும் என்று கோப்பன் அவருக்கு உணர்த்தினார். அவர்தம் பெருநூல் 1941-இல் வெளிவந்தது. ஆயினும், கரிமக் கணிப்பு முறை தந்த காலங்களோடு அது பொருந்தவில்லை என்று 1950-களிலும் 1960-களிலும் பலர் ஐயுற்றனர்.

ஐயம் நீங்கியது இந்தியப் பெருங்கடலின் துணையால் என்பது குறிக்கத்தக்கது. அதன் தென்பகுதியின் அடித்தளச் சேற்றில் படிந்த நுண்ணுயிர் ஓடுகளை ஆராய்ந்த ஹேஸ், இம்பிரி, ஷாக்கிள்டன் ஆகிய மூவரும், கடந்த 4,50,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றில் மேற்கூறிய இயக்க மாற்றங்களோடு பொருந்தும் கால அளவுகளே மீண்டும் மீண்டும் தோன்றுவதை 1976-இல் நிறுவினர். 1981-இல் குட்சுபாக், 9,000 ஆண்டுகட்கு முன் நிலவுலகு கோடையில் ஞாயிற்றை அணுகி நின்றமையால் ஆசிய, ஆப்பிரிக்கப் பருவமழை மிக்கிருந்தது எனக் கணக்கிட்டுக் காட்டினார்.

திங்களின் பங்கு இவ்வளவில் முடியவில்லை. அஃது இல்லையேல் அச்சின் சாய்வு ஒழுங்கின்றிப் பெரிதும் அலையும் என லாஸ்கரும் பிறரும் 1993-இல் கண்டனர். ஆனால் பிறை தோறும் திங்கள் காற்றிலும் மழையிலும் விளைக்கும் மாற்றம் மிகச் சிறிது. எனவே, நாளைய மழையைத் திங்களிடம் வினவுதல் பயனின்று. பருவங்களின் நெடுங்கால வரலாற்றை வினவுதல் பொருத்தமுடைத்து.

பாடல்களிற் காணும் கோள்நிலைகொண்டு காலம் வரையறுக்க முயலும் தமிழாய்வாளர்க்கும் இவ்வரலாறு பயன்படும். குரோலின் அடிப்படை எண்ணம் சரியே. காரண விளக்கமும் அதனால் எழுந்த காலக் கணக்குமே தவறின. கணக்கு ஒன்று பிழைபட்டமையால் எண்ணம் முழுவதையும் தள்ளுதலும், எண்ணம் அழகியது என்பதனால் கணக்கைச் சோதியாது ஏற்றலும் ஆய்வுநெறி ஆகா என்பதே யாம் கண்ட முடிபு.