ஹோஷங்காபாதில் தேர்வுத்தாளும் மாறியது

பள்ளிச் சுவருக்கு வெளியே நிகழும் கற்றலைப் பற்றிய நம் கல்வி வரலாற்று நூல்கள் வார்தாவையும் சாந்திநிகேதனையும் விரிவாகப் பேசுகின்றன. அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே முப்பது ஆண்டுகள் நடந்த ஒரு முயற்சிக்கு அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்திதான். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972-இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அது.

மூலக்கூறு உயிரியலாளர் அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதியும், குவேக்கர் மரபைச் சேர்ந்த ரசூலியா கிராம மையமும் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினரும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் துணை நின்றனர். 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் திட்டம் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பின்னர் அதன் பொறுப்பை ஏற்றது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குரிய 'பால் வைக்ஞானிக்' நூலில் விடைகள் அச்சிடப்படவில்லை. சோதனையைச் செய், பார்த்ததை எழுது, குழுவில் விவாதி என்பதே அதன் நடை. இலைகளை வகைப்படுத்த வேண்டுமெனில் முதலில் இலைகளைத் தேடி வெளியே போக வேண்டும். பயிர்களைப் பற்றிய பாடத்திற்கு வயலில் நிற்கும் உழவரிடம் கேட்க வேண்டும். இவ்வாறு வெளியே செல்வதற்கு 'பரிப்ரமண்' என்று பெயர். அதனை இன்பச்சுற்றுலாவாகக் கருதிவிடலாகாது; பாடத்தின் தரவு அங்கிருந்துதான் வந்தது. மாணவர் கேள்விகளுக்கு மறுமொழி எழுத 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரும் இருந்தார். வினா எனப் பொருள்படும் 'சவால்' என்னும் இந்திச் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. சிற்றூர்ப் பிள்ளைகள் அவருக்கு அஞ்சலில் கேள்விகளை அனுப்பினர்.

கருவிகள் மலிவானவை. 1978-இல் டெல்கோ நிறுவனத்தில் விடுப்புப் பெற்று வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவங்கள் செய்தது இத்திட்டத்தில்தான். இன்று இத்திட்டத்தை நினைவுகூர்வோர் பலரும் அந்தத் தீக்குச்சிகளோடு நின்றுவிடுகின்றனர்.

ஆயின் திட்டத்தின் அச்சாணி வேறிடத்தில் இருந்தது. பாடத்திட்டத்தோடு பாடநூலையும் தேர்வையும் மாற்றிக்கொள்ளும் உரிமையை மாநில அரசு வழங்கியிருந்தது. எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வுக்கு மாணவர்கள் தங்கள் நூலையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்லலாம். செய்முறைத் தேர்வு தனியாக உண்டு. மனப்பாடத்திற்கு அங்கே வேலையில்லை. வயலில் கண்டதை எழுதிய குறிப்பேடே தேர்வறைக்குள் செல்லுபடியாகும் ஆவணம் ஆனது. வகுப்பறைக்கு வெளியிலான கற்றலை 'கூடுதல் செயற்பாடு' என ஒதுக்கும் பழக்கம் இங்கு எடுபடாமற் போனதற்குக் காரணம் இதுவே. ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால், பரிப்ரமண் இரண்டு பருவங்களுக்கு மேல் நீடித்திருக்குமா என்பது ஐயமே. மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடித் தம் வகுப்பின் சிக்கல்களைப் பேசியதும் இதற்கு ஈடாக மதிக்கத்தக்கது. அதன் வரலாறு தனியே எழுதப்பட வேண்டும்.

இந்த வலிமையே திட்டத்தின் வலுவின்மையும் ஆயிற்று. அரசு தந்த உரிமையை அரசு திரும்பப் பெறலாம். 2002-இல், திட்டம் 15 மாவட்டங்களில் சுமார் ஆயிரம் பள்ளிகளை எட்டியிருந்த நிலையில், அதனை நிறுத்துமாறு ஹோஷங்காபாத் மாவட்டத் திட்டக் குழு பரிந்துரைத்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாவட்டம் பின்தங்குகிறது என்பது முன்வைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஏகலவ்யா இதை மறுத்தது. குற்றச்சாட்டில் ஒரு முரண் உண்டு: எட்டாம் வகுப்புவரை ஒருவிதமாகக் கற்ற மாணவர்களை, முற்றிலும் வேறுவிதமான தேர்வைக் கொண்டு அளந்து, குறை கற்றலில் இருப்பதாக அது முடிவுசெய்தது. நாடெங்கிலுமிருந்து கல்வியாளர்களின் எதிர்ப்பு எழுந்தும் பயனில்லை. அவ்வாண்டே திட்டம் மூடப்பட்டது. மாநிலப் பாடநூலும் வழக்கமான வினாத்தாளும் அப்பள்ளிகளுக்குத் திரும்பின.

மூன்றாண்டுகளில் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005 வெளிவந்தது. பள்ளிக்கு வெளியிலுள்ள வாழ்வோடு அறிவை இணைத்தல் அதன் வழிகாட்டு நெறிகளுள் முதலாவது. தேர்வுகளை நெகிழ்வாக்கி வகுப்பறை வாழ்வோடு சேர்த்தலும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அது பரிந்துரைக்கும் ஆவணம் மட்டுமே. வினாத்தாள் அமைக்கும் அதிகாரம் முன்போலவே மாநிலத் தேர்வு வாரியங்களின் கையில் இருந்தது.