பம்புக்காரர் போன பிறகு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1951 முதல் எழுபது ஆண்டுகளுக்கு மேல், வண்டி ஓட்டுபவர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஏன் கூடாது என்பதற்குச் சட்டத்திலேயே 17 காரணங்களை எண் போட்டு எழுதிவைத்தார்கள். பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஓரிகனில் மழை அதிகம், தரை வழுக்கும் என்பதும் ஒரு காரணம். வேறெங்கும் மழையே பெய்யாது போல. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் என்று நீளும் அந்தப் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. வாடிக்கையாளர் பணம் கட்டப் போகும்போது சிறு பிள்ளைகள் தனியே விடப்படுவது ஆபத்தான நிலைமையை உண்டாக்கும் என்றது அந்த வரி.

கைக்குழந்தையோடு தனியாகப் பெட்ரோல் போடப் போன எவருக்கும் இந்த வரி புரியும். தூங்குகிற பிள்ளையின் பெல்ட்டைக் கழற்றி, தோளில் போட்டுக்கொண்டு, வண்டிகள் திரும்புகிற இடத்தைக் கடந்து உள்ளே போவதா? இரண்டே நிமிடம்தானே என்று காரிலேயே விட்டுப் போவதா? நாம் இதைப் பெற்றோரின் பொறுப்பைப் பற்றிய கேள்வியாகவே பேசிவருகிறோம். ஆனால் இந்தக் கேள்வி காரோடு பிறந்ததல்ல. காருக்கு அறுபது வயது கடந்த பிறகு, காலனுக்கு ஓரிரு சென்ட் மிச்சம் பிடிக்கப்போய் வந்து சேர்ந்தது.

முதன்முதலில் காருக்கு எரிபொருள் வாங்கிய இடம் ஒரு மருந்துக்கடை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல் அவர் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்கப் பயன்படுத்தும் லிக்ரோயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். கூட வந்தவர்கள் மகன்கள் இருவர்: ஓய்கனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. மேட்டில் வண்டி ஏறாதபோது இறங்கித் தள்ளியதும் அவர்கள்தான். பிள்ளைகள் வண்டியிலேயே இருக்க வேண்டுமா என்று அங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் வண்டி நகர்ந்திருக்காது.

பிறகு வந்தது பம்புக்காரர்களின் காலம். 1913 டிசம்பர் முதல் தேதி பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் நிறுவனம் திறந்த நிலையத்தில் காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினால் போதும், ஆள் வந்து பெட்ரோல் போடுவார். காற்றும் தண்ணீரும் இலவசம். அடுத்த பல ஆண்டுகளுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் பெட்ரோல் போட்டது இப்படித்தான். அப்பா ஜன்னலை இறக்கிப் பணம் கொடுப்பார். பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய கேள்வியே எழவில்லை. பெரியவர்களும் இறங்கவில்லையே!

1947இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிராங்க் உல்ரிச் என்பவர் தொடங்கிய நிலையத்தில்தான் வாடிக்கையாளரே குழாயைப் பிடித்தார். நீங்களே போட்டுக்கொண்டால் காலனுக்கு 5 சென்ட் மிச்சம் என்பது அவருடைய விளம்பரம். அங்கேகூடப் பணம் வாங்க ரோலர் ஸ்கேட் கட்டிய பெண்கள் காரைத் தேடி வந்தார்கள். உண்மையான மாற்றம் 1964இல், கொலராடோவின் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்தது. கடைக்குள் இருந்தபடியே ஒருவர் பம்பை இயக்கி அளவைப் பார்க்கும் கருவி அங்கே பொருத்தப்பட்டது. வெளியே ஆளே தேவையில்லை. பணம் கட்ட வாடிக்கையாளர் உள்ளே வருவார். வந்தவர் பாலும் ரொட்டியும் சிகரெட்டும் வாங்குவார். கடைக்காரருக்கு இரட்டை லாபம். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, விலையில் ஒரு சென்ட்கூடப் பெரிதாகத் தெரிந்த காலத்தில், இந்த முறை நாடெங்கும் பரவியது.

நான் கணினித் துறையில் இருப்பவன். உதவி மேசையில் உட்கார்ந்திருந்த ஆளை நீக்கிவிட்டு, அவர் செய்த வேலையைப் பயனர் தலையில் கட்டுவதற்கு எங்கள் தொழிலிலும் சுயசேவை என்றுதான் பெயர். சேமிப்பு கணக்கில் தெரியும். புதிதாக முளைக்கும் வேலைகள் எந்தக் கணக்கிலும் வராது. பெட்ரோல் நிலையத்தில் அப்படி முளைத்த வேலைதான் பின்சீட்டுப் பிள்ளையைப் பற்றிய முடிவு.

ஆபத்து உண்மையில் எவ்வளவு? பெட்ரோல் உறைபனியிலும் ஆவியாகும். அந்த ஆவி பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டிப் பரவும். குழந்தையின் மூக்கும் நம்முடையதைவிடத் தரைக்கு அருகில் இருக்கிறது. அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிட்யூட், பெட்ரோல் போடும்போது நேர்ந்த தீவிபத்துச் செய்திகளைப் பல ஆண்டுகள் திரட்டியது. செல்பேசியால் தீப்பிடித்ததாக உறுதியான ஒரு நிகழ்வுகூட அதற்குக் கிடைக்கவில்லை. நிலைமின்சாரத்தால் நேர்ந்தவை என்று அது கருதியவற்றில் ஏறத்தாழப் பாதி, குழாயைத் தொட்டியில் மாட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து திரும்பி வந்தவர்களுக்கு நேர்ந்தவை. சீட்டில் உடை உரசி உடலில் ஏறும் மின்சாரம், குழாயைத் தொட்டதும் பொறியாகத் தாவும். குளிருக்கு ஒதுங்கி உள்ளே போகிறவர்கள் உண்டு. அழுகிற பிள்ளைக்குப் பால்புட்டியை எடுத்துக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு. பிள்ளை காரில் இருப்பதைவிட, பிள்ளைக்காக நாம் உள்ளே போய்வருவதுதான் இதில் கவலைப்பட வேண்டியது. பிரிட்டனில் சுயசேவைக் குழாய்களில் பிடியைத் தானாக அழுத்திவைக்கும் கொக்கி கிடையாது. பெட்ரோல் போட்டு முடியும்வரை கையை எடுக்க முடியாது. எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், ஆனால் காரணமில்லாமல் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீயை எண்ணி எல்லோரும் பயந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், குழாய் வழியே ஓடிய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 1923இல் ஒஹாயோவில் விற்பனைக்கு வந்த அந்தக் கலவை, சாலை வாகனங்களுக்கு அமெரிக்காவில் 1996இலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000இலும்தான் முற்றாக நின்றது. பிள்ளைகளின் மூளையைப் பாதித்தது அது. காரில் இருந்தாலும் இறங்கினாலும் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. அதற்கு எந்தத் தாயையும் யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொல்வது வேறு இடத்தில் தொடங்கியது. பென்சில்வேனியாவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை, கண்ணுக்கெட்டாத நிலையில், ஆபத்து நேரக்கூடிய சூழலில் காரில் தனியே விடுவது குற்றம். டெக்சாஸ் சட்டம் கடிகாரம் பார்க்கிறது: பிள்ளைக்கு ஏழு வயது ஆகாமல், 14 வயதாவது நிரம்பிய ஒருவர் உடன் இல்லாமல், ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கியூபெக்கிலும் ஏழு வயதுதான் எல்லை. பிரிட்டனில் வயதே குறிக்கப்படவில்லை. தேவையற்ற துன்பமோ தீங்கோ நேரும்படி விட்டால் 1933ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். வெயிலில் கார் பத்து நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி செல்சியஸ் சூடேறும் என்பதால் இந்தச் சட்டங்களை வெறும் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. கார் திருடுபவன் பின்சீட்டைப் பார்த்துவிட்டுத் திருடுவதில்லை என்பதும் உண்மை.

ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. தனியே விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய சிறு கதைகளைப் பலரிடம் கொடுத்து, பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிள்ளையின் நிலைமை மாறவில்லை; தாய் போன காரணம் மட்டும் மாறியது. விபத்தில் சிக்கி அவளால் வர முடியாமல் போனது என்றால் ஆபத்தைக் குறைவாக மதிப்பிட்டார்கள். காதலனைப் பார்க்கப் போனாள் என்றால் ஆபத்து கூடிவிட்டது! தாயைப் பிடிக்கவில்லை என்றால் பிள்ளைக்கு ஆபத்து அதிகமாகத் தெரிகிறது. பக்கத்துப் பம்பில் நிற்பவர் செல்பேசியை எடுத்துப் போலீசை அழைக்கும் நாட்டில், விசாவிலும் அகதி மனுவிலும் வாழ்கிற நம்மவருக்கு இது சாதாரணச் செய்தியல்ல. உச்சரிப்பும் தோல்நிறமும்கூட அந்த மதிப்பீட்டில் சேருமா என்று கேட்கத் தோன்றுகிறது.

நம்மவருக்கு இந்த வரலாற்றில் இன்னொரு இடமும் உண்டு. பிரிட்டனின் முதல் சுயசேவை நிலையம் 1961இல் லண்டனின் சதக் பாலத்தருகே திறந்தது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து லண்டனிலும் டொராண்டோவிலும் இரவுவேலைக்குப் போன தமிழர் பலருக்கு முதல் சம்பளம் கிடைத்தது பெட்ரோல் நிலையத்தில்தான். ஊரில் பெற்றோல் செட் என்று சொன்ன இடம். பம்பருகே நின்ற ஆள் போய்விட்டார். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஆள் நம்மவர். அவர் பொத்தானை அழுத்தினால்தான் பெட்ரோல் வரும். பிரிட்டனில் 16 வயதாகாதவர் பெட்ரோல் போடக் கூடாது என்பதால், குழாயைப் பிடிப்பது யார் என்று கேமராத் திரையில் பார்த்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அப்பாவுக்கு உதவுகிறேன் என்று இறங்கி வந்த பத்து வயதுப் பையனைத் திரையில் கண்டு பொத்தானிலிருந்து விரலை எடுத்தவர்கள், ஒலிபெருக்கியில் தம் தமிழ் ஆங்கிலத்தில் அவனைக் காருக்குள் போகச் சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஓரிகன் சட்டம் கவலைப்பட்ட பிள்ளைகளை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள்தான். அது எந்த வேலை விவரத்திலும் எழுதப்பட்டிருக்காது.

பிறகு பம்பிலேயே அட்டை செருகும் வசதி வந்தது. பணம் கட்ட உள்ளே போக வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரோடும் பேச வேண்டாம். அமெரிக்காவில் தொண்ணூறுகளில் அது பரவலானபோது, ஓரிகன் சட்டத்தின் அந்த வரி பாதி செல்லாமல் போனது. இன்று அட்டை வேலைசெய்யும்வரை என் விடை எளிது: எஞ்சினை நிறுத்திவிட்டு, பிள்ளை பெல்ட்டோடு உள்ளேயே இருக்கட்டும், நான் காருக்குள் திரும்பிப் போகாமல் பக்கத்திலேயே நிற்பேன். அட்டை வேலைசெய்யாவிட்டால், தூக்கம் கலைந்தாலும் சரி, பிள்ளையும் என்னோடு உள்ளே வரும்.

நான் வசிக்கும் நியூ ஜெர்சியில் அதற்கும் தேவை இல்லை. 1949இல் ஹாக்கன்சாக் அருகே இர்விங் ரெய்ங்கோல்ட் என்பவர் 24 பம்புகளோடு சுயசேவை நிலையம் திறந்து, மற்றவர்கள் 21.9 சென்டுக்கு விற்றதை 18.9க்கு விற்றார். போட்டியாளர்கள் ஆள் வைத்துச் சுட்டார்கள் என்றும் அவர் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டார் என்றும் கதை உண்டு. பிறகு அவர்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள். அதே ஆண்டு தடைச் சட்டம் வந்தது. பாதுகாப்பு என்று எழுதப்பட்டாலும் அது போட்டியை அடக்க வந்த சட்டம்தான். ஆனாலும் 2022இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய கருத்துக்கணிப்பில் 73 சதவீதத்தினர் தமக்கு ஆள் வந்து போடுவதே பிடிக்கும் என்றார்கள்; பெண்களிடம் அந்த விருப்பம் இன்னும் அதிகம். 2023 ஆகஸ்டில் ஓரிகன் தன் தடையைத் தளர்த்தியது, பாதிப் பம்புகளிலாவது ஆள் இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே விலை வைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

இத்தனையும் பெட்ரோலுக்குத்தான். போன கோடையில் சென்னையில் மைத்துனரின் காரில் போனோம். அது சி.என்.ஜி.யில் ஓடும் வண்டி. அங்கே பங்க் ஊழியர் முதலில் கதவைத் திறந்து, "எல்லாரும் எறங்குங்க சார், பாப்பாவையும் எறக்குங்க" என்றார். சுமார் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டர் நிரம்பும்போது வண்டிக்குள் யாருமே இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. மைத்துனரின் மகள் சொல்வதற்கு முன்பே இறங்கிப் போய்த் தள்ளி நின்றாள். என் மகன் பெல்ட்டைக் கழற்றவே மறுத்தான். பெட்ரோல் போடும்போது இறங்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான்.