வாசலில் ஒரு பெயர்

எங்க சேலம், தருமபுரிப் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. மாடு கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட வீரனின் உருவம், கூடவே வட்டெழுத்தில் பெயர். சில ஊர்களில் அவனையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்ற நாயின் பெயர்கூட இருக்கிறது. ஆனால் இதெல்லாம் சண்டையில் செத்தவர்களுக்கு. எதிர்த்து நிற்கவே வழியில்லாமல் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு எங்கே கல் நடுவது?

நாஜிகள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். எக்ஸெல்லில் ஒரே செல்லில் அடங்கிவிடுகிற எண். ஜெர்மானியக் கலைஞர் குந்தர் டெம்னிக் 1990களில் அதைத் திரும்பவும் தனித்தனிப் பெயர்களாகப் பிரிக்க ஆரம்பித்தார். 10 சென்டிமீட்டர் சதுரக் கல், மேலே பித்தளைத் தகடு. 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்ற விவரம். அவர் கடைசியாகத் தன் விருப்பப்படி குடியிருந்த வீட்டின் முன்னால், நடைபாதையிலேயே பதிப்பார்கள். 'ஸ்டோல்பர்ஸ்டைன்', அதாவது இடறுகல். ரோமா மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கல் உண்டு. 2023 மே மாதம் நூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள்.

இதில் அரசாங்கத்தைவிடத் தெருக்காரர்களின் பங்குதான் பெரிது. பள்ளிப் பிள்ளைகள் ஆவணங்களைத் தேடி எடுக்கிறார்கள். அக்கம்பக்கத்தினர் காசு போடுகிறார்கள். 1938ல் யூதர்களின் கடைகளும் கோயில்களும் சூறையாடப்பட்ட நவம்பர் 9 அன்று, பித்தளையைத் துலக்கி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

எதிர்ப்பும் உண்டு. ம்யூனிக் யூத சமூகத்தின் தலைவர் ஷார்லோட்டே க்னோப்லோக் நாஜிக் காலத்தில் ஒளிந்து வாழ்ந்து தப்பியவர். செத்தவர்களின் பெயரை மறுபடியும் காலால் மிதிப்பதா என்று கேட்டார். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற நமக்கு அந்த வலி சட்டெனப் புரியும். அந்த நகரம் பொது இடத்தில் இடறுகல்லை அனுமதிக்கவில்லை. 2018 முதல் சுவரிலும் கம்பத்திலும் பெயர்களை வைக்கிறது. டெம்னிக் தரப்பின் பதில்: படிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், அதுவே வணக்கம்.

தரையா சுவரா என்பதில் எனக்கு முடிவான கருத்து இல்லை. என்னை உலுக்குவது வேறு. கல்லுக்குக் காசு கொடுப்பவர்களில் பலர் செத்தவர்களின் உறவினர்கள் இல்லை. அன்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்த தெருவில் இன்று குடியிருப்பவர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவிடம் அவர்கள் செத்த ஊரில் இருக்கிறது. பண்ணையார் தெருவில் ஒரு பெயரைப் பதிக்க நம்மில் யார் காசு போடுவோம்?