மருந்துக்கு முன் அனுமதி: ஒன்ராறியோவில் யாருக்கு, எப்படி?

சலரோகம், பிரஷர், சிறுநீரகம், வாதம் என்று பல வருத்தங்களோடு வாழும் எங்கள் பெரியவர்களுக்கு வைத்தியர் புதிய மருந்து ஒன்றை எழுதிக் கொடுக்கிறார். பார்மசியில் "இதற்கு முன் அனுமதி வேண்டும்" என்கிறார்கள். பலர் அதை "அரசாங்கம் தராது" என்று விளங்கிக்கொள்கிறார்கள். சிலர் கைக்காசைக் கொடுத்து வாங்குகிறார்கள், சிலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். முன் அனுமதி என்பது, இந்த மருந்து இந்த நோயாளிக்கு ஏன் வேண்டும் என்பதை வைத்தியர் எழுத்தில் காட்டும் நடைமுறை. அதற்கான தகுதியைப் படிப்படியாக இங்கே தருகிறோம்.

முதற்படி: திட்டத்துக்குள் இருக்க வேண்டும்

மாகாணத்தின் முன் அனுமதியைக் கேட்பவர் ஒன்ராறியோ மருந்து நலத் திட்டத்தில் உள்ளவராக இருக்க வேண்டும். ஓஹிப் அட்டை உள்ளவர்களில் பின்வருவோர் அதில் அடங்குவர்:

- 65 வயதானவர்கள். பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் முதலாம் திகதி தொடங்கும்.
- சமூக உதவிப் பணம் அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப் பணம் பெறுவோர்.
- நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வசிப்போரும், அரச வீட்டுப் பராமரிப்புச் சேவை பெறுவோரும்.
- தனியார் காப்புறுதி இல்லாத, 24 வயதும் அதற்குக் குறைந்தவர்களும்.
- ட்ரிலியம் மருந்துத் திட்டத்தில் பதிந்தவர்கள்.

பிள்ளைகள் பொறுப்பேற்று அழைத்த பெற்றோர் பற்றி ஒரு குழப்பம் உண்டு. முதியோர் ஓய்வூதியத்துக்குப் பத்து வருட வதிவு வேண்டும். மருந்துத் திட்டத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. நிரந்தர வதிவாளராகி ஓஹிப் பெற்று, 65 வயதும் ஆனால் போதும். சூப்பர் விசாவில் வந்து நிற்பவர்களுக்கு ஓஹிப் இல்லை, எனவே இதுவும் இல்லை. அகதிக் கோரிக்கையாளர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. அதிலும் சில மருந்துகளுக்கு முன் அனுமதி கேட்பார்கள்.

வேலை செய்யும் நடுத்தர வயதினருக்கு ட்ரிலியம்தான் வாசல். வரி கழித்த குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 4 வீதத்தை முதலில் நாங்கள் செலுத்த வேண்டும். 50,000 டொலர் என்றால் வருடத்துக்குச் சுமார் 2,000 டொலர். அதை நான்கு காலாண்டுகளாகப் பிரிப்பார்கள். அதன் பின் ஒரு மருந்துச் சீட்டுக்கு அதிகபட்சம் 2 டொலர். திட்டத்தின் ஆண்டு ஓகஸ்ட் 1இல் தொடங்குகிறது.

இரண்டாம்படி: மருந்து எந்த வகை?

மாகாணப் பட்டியலில் உள்ள பெரும்பாலான மருந்துகளுக்கு அனுமதி தேவையில்லை. சில மருந்துகள் நிபந்தனையோடு பட்டியலில் இருக்கும். அவற்றுக்கு வைத்தியர் சீட்டில் ஒரு காரண இலக்கத்தைக் குறித்தால் போதும். பார்மசியில் மறுக்கப்படுபவற்றில் சில, அந்த இலக்கம் விடுபட்டவை மட்டுமே. பட்டியலிலேயே இல்லாத மருந்துக்குத்தான் இ.ஏ.பி எனப்படும் விசேட அனுமதித் திட்டம். இதற்கு வைத்தியரோ தாதிய வைத்தியரோதான் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தவர் விண்ணப்பிக்க முடியாது.

இன்சுலின் எடுப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 2023 டிசம்பர் 29உடன் முடிந்த மாற்றத்தின்படி, சில இன்சுலின்கள் உட்பட எட்டு உயிரியல் மருந்துகளுக்கு, அவற்றுக்கு நிகரான பயோசிமிலர் மருந்துகளையே மாகாணம் பொறுப்பேற்கிறது. பழையதே வேண்டும் என்றால் மருத்துவக் காரணத்தோடு விதிவிலக்குக் கேட்க வேண்டும்.

மூன்றாம்படி: ஆதாரம்

விண்ணப்பத்தில் நோய் எது, முன்பு எந்த மருந்துகளை எந்த அளவில் எவ்வளவு காலம் எடுத்தார், ஏன் நிறுத்தினார், இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பவை இருக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஆட்கள் இடறுகிறார்கள். பெரியவர்கள் வைத்தியரிடம் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். வயிற்றைப் பிரட்டியது, தலை சுற்றியது என்று தாங்களாகவே நிறுத்திய குளிசையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். வைத்தியர் கோபிப்பார் என்ற பயம். அவர்கள் மறைக்கும் அந்தத் தகவல்தான் புதிய மருந்துக்கு வேண்டிய ஆதாரம். பக்கவிளைவு வைத்தியரின் பதிவில் ஏறாவிட்டால், அது நடக்காததற்குச் சமன்.

நாட்பட்ட நோய்க்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் எடுப்பவர்களுக்கும் சலரோகக்காரர்களுக்கும் மருந்தாளர் செய்யும் மெட்ஸ்செக் என்ற மீளாய்வு வருடத்துக்கு ஒருமுறை இலவசம். அதில் கிடைக்கும் பட்டியலை ஒவ்வொரு வைத்தியரிடமும் கொண்டு போங்கள். மூன்று நிபுணர்களிடம் போகும் ஒருவருக்கு முழுப் படத்தையும் காட்டும் கடதாசி அதுதான்.

மறுப்பும் முடிவுத் திகதியும்

மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். கூடுதல் விபரங்களோடு வைத்தியர் மீண்டும் விண்ணப்பிக்கலாம். உயிருக்கோ, கை கால்களுக்கோ, உடலுறுப்புக்கோ உடனடி ஆபத்து என்றால் கருணை அடிப்படையிலான பரிசீலனையை வைத்தியர் கேட்க முடியும்.

அனுமதிக்குப் பொதுவாக முடிவுத் திகதி உண்டு. அது தவறினால், நன்றாக வேலை செய்த மருந்து ஒரு நாளில் நின்றுவிடும். இரண்டு மாதம் முன்னரே நாட்காட்டியில் குறித்து, வைத்தியருக்கு நினைவூட்டுங்கள்.

வேலையிடக் காப்புறுதி உள்ளவர்களுக்கு நிறுவனத்தின் சொந்தப் படிவம் இருக்கும். அது முதலில் கொடுக்கும், மிச்சத்தை ட்ரிலியம் பார்க்கும். மறுப்புக் கடிதம் வந்தால் எறியாதீர்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும்.

கணக்குப் பக்கம்

ட்ரிலியம் உங்கள் வருமானத்தை வரிப் பதிவிலிருந்தே பார்க்கிறது. எனவே வருமானம் இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் வருடந்தோறும் வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். கையிலிருந்து கொடுத்த மருந்துச் செலவை 33099ஆம் வரியில் மருத்துவச் செலவாகக் கோரலாம். அந்த வரி ஆண்டுக்குள் முடியும் எந்தப் பன்னிரண்டு மாதங்களையும் தெரிவு செய்யலாம். பார்மசியில் வருடச் செலவுப் பட்டியல் அச்சிட்டுத் தருவார்கள்.

அடுத்த முறை பார்மசியில் மறுத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காரண இலக்கம் விடுபட்டதா? விசேட அனுமதி வேண்டுமா? பட்டியலில் இதற்கு ஈடான மருந்து உண்டா? பதிலை எழுதி வாங்கி, அன்றைக்கே வைத்தியரின் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.