மருந்துக் கடையில் தொடங்கி பல்கலைக்கழகமாக வளர்ந்த ஜாமியா ஹம்தர்த்

புதுதில்லி: தெற்கு தில்லியில் துக்ளகாபாத் கோட்டைக்கு அருகே அமைந்துள்ள ஜாமியா ஹம்தர்த், யுனானி மருத்துவம், மருந்தியல் கல்வி ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகும். 1989-இல் இத்தகுதியைப் பெற்ற இந்நிறுவனத்தின் வேர், பழைய தில்லியில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு திறக்கப்பட்ட சிறிய மருந்துக் கடையில் உள்ளது.

யுனானி மருத்துவரான ஹக்கீம் ஹாபிஸ் அப்துல் மஜீத், 1906-இல் தில்லி ஹௌஸ் காஜி பகுதியில் 'ஹம்தர்த் தவாகானா' என்ற மருந்துக் கடையைத் தொடங்கினார். 'ஹம்தர்த்' என்ற சொல்லுக்குத் துன்பத்தில் பங்கு கொள்பவர் என்பது பொருள். நாடு முழுவதும் அறியப்பட்ட 'ரூஹ் அஃப்ஸா' குளிர்பானச் சாறு இந்நிறுவனத்தின் தயாரிப்பே.

1922-இல் மஜீத் காலமானபோது அவருடைய மூத்த மகன் அப்துல் ஹமீதுக்கு வயது சுமார் 14. தாயார் ராபியா பேகம் நிறுவனத்தைச் சரியவிடாமல் காத்தார். பின்னர் பொறுப்பேற்ற ஹமீது, அதைப் பெரும் மருந்து உற்பத்தி நிறுவனமாக வளர்த்தார்.

பிரிவினை இக்குடும்பத்தையும் பிரித்தது. இளைய சகோதரர் ஹக்கீம் முகமது சயீத் 1948-இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்து, அங்கு தனியாக ஹம்தர்த் நிறுவனத்தைத் தொடங்கினார். தில்லியிலேயே தங்கிய ஹமீது, அதே ஆண்டில் தமது நிறுவனத்தை வக்ஃபாக அறிவித்தார். மருந்து விற்பனையில் கிடைத்த லாபம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் செல்ல இதுவே வழிவகுத்தது. லாபத்தைப் பகிர்ந்தளிக்க 1964-இல் ஹம்தர்த் தேசிய அறக்கட்டளை உருவாக்கப்பட்டது.

அப்போது புறநகராக இருந்த துக்ளகாபாத் பகுதியில் கல்வி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1962-இல் மருத்துவ வரலாறு மற்றும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும், 1963-இல் ஹம்தர்த் திப்பி கல்லூரியும், 1972-இல் மருந்தியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. மஜீதியா மருத்துவமனையும் ருஃபைதா செவிலியர் கல்லூரியும் பின்னர் இணைந்தன. தந்தையின் பெயரை அந்த மருத்துவமனை தாங்கி நிற்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் பரிந்துரைப்படி, 1956-ஆம் ஆண்டு சட்டத்தின் 3-ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசு 1989-இல் இந்நிறுவனங்களுக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி அளித்தது. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி 1989 ஆகஸ்ட் 1-இல் பல்கலைக்கழகத்தைத் தொடக்கிவைத்தார். முதல் வேந்தராக ஹமீது பொறுப்பேற்றார். பத்மஸ்ரீ (1965), பத்மபூஷண் (1992) விருதுகளைப் பெற்ற அவர், 1999 ஜூலையில் காலமானார். கராச்சியில் 1991-இல் சயீத் நிறுவிய ஹம்தர்த் பல்கலைக்கழகம், பிரிந்த சகோதரர்களின் ஒத்த நோக்கத்துக்குச் சான்றாக உள்ளது.

அடுத்து வந்த ஆண்டுகளில் மேலாண்மை, கணினி அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகிய துறைகளும் விரிவடைந்தன. கேரள மாநிலம் கண்ணூரில் கிளை வளாகம் அமைந்தது. 2012-இல் எம்பிபிஎஸ் கல்வி தொடங்கியதால், யுனானியும் நவீன மருத்துவமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படும் நிலை உருவானது. மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் மருந்தியல் பிரிவில் 2019 முதல் 2022 வரை தொடர்ந்து முதலிடம் கிடைத்தது. 'உயர்சிறப்பு நிறுவனம்' தகுதிக்கான விருப்பக் கடிதத்தை 2019-இல் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களுள் இதுவும் ஒன்று.

வளர்ச்சியோடு சிக்கலும் வந்தது. நிறுவனர் குடும்பத்தின் இரு தரப்பினருக்கு இடையே மருத்துவக் கல்லூரி நிர்வாகம் குறித்து எழுந்த பிணக்கு, அண்மை ஆண்டுகளில் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2025-இல் 150 எம்பிபிஎஸ் இடங்களுக்கான மாணவர் சேர்க்கையே கேள்விக்குறியானது.

குடும்பச் சொத்தாகவே இருந்திருக்கக்கூடிய தொழிலை 1948-இல் பொது நன்மைக்கு ஒப்படைத்ததே இப்பல்கலைக்கழகம் உருவாக அடித்தளமானது. குடும்பப் பிணக்கின் சுமை மாணவர்கள் மீது விழாமல் காப்பதே அந்த ஒப்படைப்பின் நோக்கத்தை நிலைநிறுத்தும்.